இடம் இருக்கிற தலை

அப்பா மறக்க ஆரம்பித்தபோது, அவர் மறந்ததெல்லாம் தெருவில் உள்ளவர்களுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது பலசரக்குக் கடை செல்லப்பாண்டி அண்ணாச்சிக்கு. கடலில் கால் நனைக்கக்கூடப் பயப்படுகிற அந்த மனிதர், ஒரு காலையில் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசைப் பிடித்தபடியே நின்று, மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி புயலில் பாய் கிழிந்து நடுக்கடலில் சுற்றியதையும், பாய்மரத்தோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டதையும், நனைந்த சட்டையை வாயில் பிழிந்து மழைத்தண்ணீர் குடித்ததையும், நேற்று நடந்ததுபோலச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்தத் தோணியை ஓட்டிய தண்டல் என் அப்பா கஸ்பார் மச்சாது என்பது எல்லோருக்கும் தெரியும். "தண்டல் மாமா புயலையும் விட்டுட்டாரு போல" என்றாள் பக்கத்து வீட்டுப் பிரகாசி அத்தை. உப்பை வாங்கிக்கொண்டு கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அப்பா சின்னப் பிள்ளையாகக் கோயிலில் பூசை உதவி செய்தபோது கற்ற லத்தீன் பாட்டு பிரியாணிக் கடை நூகு பாய்க்கு வந்தது. அவர் அரிசி களைகிற நேரத்தில் அதை மெல்ல முனகுவார், பாங்கு கேட்டால் நிறுத்திக்கொள்வார், தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். காலமாகிவிட்ட என் அம்மா எமல்டாவை அப்பா கைப்பிடித்த நாள் பிரகாசி அத்தைக்கு வந்தது. இருபது வருடமாகத் தனியாக இருக்கும் அந்தப் பெண், அன்றைக்கு அம்மாவின் தலையில் இருந்த மல்லிகைப் பூ சீக்கிரமே வாடிவிட்டதென்று அப்பா பட்ட வருத்தத்தைத் தானும் பட்டாள். கொழும்புத் துறைமுகத்தில் அப்பா வாலிபனாக இருந்தபோது கழித்த ஒரு சாயங்காலம், எங்கள் கோயில் பங்கிலேயே மிகவும் ஒழுக்கமானவரான, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாருக்குப் போயிற்று. என்னவென்று யார் கேட்டாலும், "அது தண்டலுக்கும் ஆண்டவருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காது சிவக்க நடந்துவிடுவார். அவர் மனைவி மட்டும் கொஞ்ச நாள் அவருக்குத் தேநீரில் சீனி போடவில்லை.

எங்கள் தெரு இதற்கு அலட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. தெருமுனையில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வைக்கிற குடிலின் பொம்மைகளை ஆளுக்கொன்றாகத்தான் வருடம் முழுக்க நாங்கள் வைத்திருப்போம். ஒட்டகம் அண்ணாச்சி கடைப் பரண்மேல் இருக்கும். மாடும் கழுதையும் பிரகாசி அத்தை வீட்டில். மூன்று ராஜாக்கள் உபதேசியார் பீரோவுக்கு மேலே துணி மூடி நிற்பார்கள். காகித நட்சத்திரம் நூகு பாய் கடையில், அண்டாக்களுக்கு மேலே தொங்கும். பாலன் மட்டும் எங்கள் வீட்டில். உயிருள்ள பிள்ளையின் அளவே இருக்கும், கண்ணாடிக் கண் வைத்த, ஒரு சுண்டுவிரல் உடைந்த பாலன். ஆகவே ஒருத்தருடைய சாமானை இன்னொருத்தர் வீட்டில் வைத்துப் பாதுகாப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஒட்டகத்தை வைத்திருந்த வீடு புயலையும் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சிக்கல் வந்தது ஒரே இடத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமி மைக்கைப் பிடித்து, "தலையில் வந்து விழுந்தது உங்கள் பாவம் அல்ல. பாவசங்கீர்த்தனத்தில் அவரவர் செய்ததை மட்டும் சொன்னால் போதும், வரிசை நீண்டுவிடுகிறது" என்று அறிவித்தார். எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்களாம். அப்பாவும் யாரைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாராம்.

இதெல்லாம் நான் சென்னையில் இருந்தபோது நடந்தது. எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. பிரகாசி அத்தை போனில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வேன். பிள்ளை பிறந்து, செலின் என்று பெயர் வைத்து, அவள் உட்காரப் பழகிய பிறகு, கிறிஸ்துமஸ் லீவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினேன். என் கணவர் ரெக்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வருகிற டிக்கெட்டை மூன்று ராஜாக்கள் திருநாளன்றைக்கு அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்.

"மாமாவை நம்ம ஃபிளாட்ல வச்சிக்க முடியாது ஹில்டா. எதிர் வீட்டுக்காரன் தலையில ஏதாவது விழுந்துச்சின்னா அசோசியேஷன் மீட்டிங்ல கம்ப்ளைன்ட் பண்ணுவான். பல்லாவரம் பக்கத்துல ஒரு ஹோம் பாத்திருக்கேன். நல்லா கவனிப்பாங்க."

"அங்க யார் தலையில விழும்?"

ரெக்ஸ், "அதை நான் கேக்கலியே" என்றார்.

நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்கமாட்டார். முதலில் என்னைக் காலிலிருந்து தலைவரை மெதுவாக ஒரு பார்வை பார்ப்பார், எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று. பிறகு குனிந்து, என் வலது காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தலை வகிட்டில் ஊதுவார். தன்னோடு வந்த கடல்காற்றைப் பிள்ளைமேல் தங்கவிடாமல் ஊதி அனுப்பிவிட வேண்டும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கான்வென்டில் என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாக்களெல்லாம் ஆபீசில் இருந்தார்கள். அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இந்த முறை ரயிலை விட்டு வந்து வாசலில் இறங்கியதும் அப்பா முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். அவர் கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?"

"உங்க வீட்டுப் பிள்ளைதாம்ப்பா."

"நல்லது, நல்லது" என்று மரியாதையாகச் சிரித்தார். "உங்க அப்பாவக் கேட்டேன்னு சொல்லு."

நான் பயந்த சுபாவக்காரி. அழவேண்டிய இடத்திலும் எனக்கு முதலில் பயம்தான் வரும். என்னை மறந்துவிட்டார் என்றால் நான் யாருக்கோ போயிருக்க வேண்டும். யாருக்கு? அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் செலினை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "அப்பாவோடது ஏதாவது புதுசா வந்துச்சா? என்னையப் பத்தி ஏதாவது?" அண்ணாச்சி பொட்டலம் மடிப்பதை நிறுத்தி யோசித்தார். "புயல் இருக்கு, தூத்துக்குடித் துறைமுகத்துல நடந்த ஒரு சண்டை இருக்கு. உன்னைய மாதிரி ஒண்ணும் இல்லம்மா." உபதேசியார் தலையாட்டினார். நூகு பாய் கண்ணை மூடித் தேடிப் பார்த்துவிட்டு, "பாட்டுதான் மவளே. பிள்ளை குட்டி ஒண்ணும் வரல" என்றார். தெருவின் கடைசி வீடுவரை போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. யாருக்கும் வரவில்லை என்றால், நான் இன்னும் அப்பாவுக்குள்தான் இருக்கிறேன். எந்த மூலையிலோ, எந்தத் துணிக்கு அடியிலோ இருக்கிறேன். அவர் கைக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எல்லாச் சாயங்காலமும் போனேன். "ஒண்ணும் வரல" என்று கேட்பதற்காகவே போனேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் செபமாலை சொல்லக் கற்றுக்கொடுத்ததுபோல, ஒவ்வொரு வாசலும் ஒரு மணி, ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு மன்றாட்டு. அடுத்த வாசல், அடுத்த 'இல்லை'. கடைசி வாசலைத் தொட்டதும் மூச்சு வரும், வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு பிசைந்து வைப்பேன். அவர் சாப்பிடுகிற அழகை எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்து, விருந்தாளி வீட்டில் சாப்பிடுகிறவரைப்போல, "நல்லாருக்கும்மா, போதும்மா" என்பார்.

பிரகாசி அத்தை ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள். "ஏட்டி ஹில்டா, பெத்த பிள்ளை நீ. ஒரே ஒரு துண்டாவது உனக்கு வந்துச்சா?"

"இல்ல அத்தை."

"எப்படி வரும்? அது இடம் இருக்கிற தலைக்குத்தான் போகும். எனக்கு வந்துச்சின்னா, எனக்குப் புருசனும் இல்ல, வம்பும் இல்ல, தலை காலியாக் கெடக்கு. உன் தலையில எங்க இடம் இருக்கு, சொல்லு பாப்போம்?"

அந்த நேரத்திலேயே என் தலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. செலின் தூங்கும்போது மூச்சு நின்றுவிடுமோ, பால் புரையேறுமோ, தூளிக்கயிறு அறுந்துவிடுமோ, கேஸை மூடினேனா, அப்பா கதவைத் திறந்துகொண்டு கடலைப் பார்க்க நடந்துவிட்டால் என்ன செய்வேன், அப்பாவுக்கு வந்தது அவர் ரத்தத்தில் வந்ததென்றால் என் ரத்தத்திலும் இருக்குமே, என் ரத்தத்தில் இருந்தால் செலினுக்கும் இருக்குமே, நானும் ஒருநாள் இந்தப் பிள்ளையைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ என்று கேட்பேனோ, கேட்டால் அப்போது என் எதிர் ஃபிளாட்டுக்காரன் கதவைத் திறப்பானா, திறக்கமாட்டானா. பாத்திரக்கடையில் அடுக்கி வைத்ததுபோல அடுக்கியிருந்தேன். ஒன்றை எடுத்தால் எல்லாம் விழும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் பொம்மைகள் புறப்படும். இது எங்கள் தெருவின் வழக்கம். ஒட்டகம் முதலில் வரும், பிறகு மாடும் கழுதையும், பிறகு ராஜாக்கள், பிறகு நூகு பாய் ஸ்டூல்மேல் ஏறி நட்சத்திரத்தைக் கட்டுவார். எல்லோரும் பாடிக்கொண்டு நிற்க, கடைசியாக அப்பா வருவார், வெள்ளைத் துணியால் முகம்வரை மூடிய பாலனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. வைக்கோலில் கிடத்தித் துணியை எடுக்கும்வரை யாரும் பாலன் முகத்தைப் பார்க்கக்கூடாது. அம்மாவைக் கல்யாணம் செய்த வருடத்திலிருந்து இது அப்பாவின் வேலை. இந்த வருடம் செய்வாரா என்று கேட்டதற்கு, அண்ணாச்சி, "மனசு மறந்தாலும் கை மறக்காது, விடும்மா" என்றுவிட்டார். நான் வெள்ளைத் துணியை இஸ்திரி போட்டு, பாலனைப் பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்துக் கட்டில்மேல் வைத்தேன். செலினைத் தூளியில் தூங்கப்போட்டேன். குளிக்கப் போனேன்.

ஈரத் தலையோடு வந்து தூளியை ஆட்டினேன். ஆட்டம் சரியாக இல்லை. கனமாக, சாய்ந்து சாய்ந்து ஆடியது. துணியை விலக்கினேன். கண்ணாடிக் கண்கள் என்னைப் பார்த்தன. குளிராமல் இருக்கக் கழுத்துவரை போர்த்தி, தலைக்கு அண்டை கொடுத்து, என் பிள்ளைக்கு நான் செய்வதைப்போலவே எல்லாம் செய்து, சுண்டுவிரல் உடைந்த பாலனைத் தூங்க வைத்திருந்தார் அப்பா. வெளியே பாட்டுச் சத்தம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பில்லை, தலைத்துண்டு எங்கோ விழுந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது பாட்டு நின்றுவிட்டிருந்தது. கழுதைக்கும் மாட்டுக்கும் நடுவில், வைக்கோல்மேல், என் மகள் கைகாலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. அப்பா அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். இரண்டு விரலால் அவளுடைய வலது காது மடலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவள் உச்சந்தலையில் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார். அவளோ அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாடம் கேட்கிற பிள்ளையைப்போல.

யாரோ பின்னாலிருந்து, "இந்த வருசம் பாலன் பொம்பளப் பிள்ளையா வந்துட்டாருலே" என்றார்கள். பிரகாசி அத்தை, "ஏன், வரக்கூடாதா? வரட்டுமே" என்றாள். ஒரே சிரிப்பு. பங்குச் சாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, எப்படியும் பிள்ளை பிள்ளைதானே என்று தீர்த்தம் தெளித்தார். நான் செலினை வாரி எடுத்து நெஞ்சில் அமுக்கிக்கொண்டேன், ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம். காது மடல், உச்சந்தலை, ஊதல். அவரிடம் இருக்கிறது. நான் இன்னும் அவரிடம்தான் இருக்கிறேன்.

அப்படித்தான் நினைத்தேன். வைத்திருக்கிறவர் கைக்கும் கொடுக்கிறவர் கைக்கும் பார்க்க வித்தியாசம் தெரிவதில்லை.

அதன்பிறகும் தினமும் வாசல் வாசலாகப் போனேன். எல்லா வாசலிலும் 'இல்லை' கிடைத்தது. புது வருடம் பிறந்தது. அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வைத்ததை அவர் எடுத்து மறுபடியும் மடித்து வேறொரு பெட்டியில் வைத்தார். தெருவுக்கு விஷயம் தெரிந்து, ராஜாக்கள் திருநாளன்று காலையில் குடிலைப் பிரிக்கும்போது அண்ணாச்சி ஒட்டகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து கேட்டார்.

"தண்டலக் கூட்டிட்டுப் போறியாம்மா?"

"எங்க வீட்டுக்காரங்க டிக்கெட் போட்டுட்டாங்க அண்ணாச்சி."

"அவருல பாதி எங்க தலையில இருக்கு. மீதிய மட்டும் நீ அங்க கொண்டுபோயி என்ன செய்யப் போறே?"

"மீதியிலதான் நான் இருக்கேன்" என்றேன்.

அவர் ஒட்டகத்தைப் பரண்மேல் வைக்கப் போய்விட்டார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரகாசி அத்தை அவர் பக்கத்தில் நின்று, என் அம்மா கல்யாணத்தன்று உடுத்திய சேலையின் கரை என்ன நிறம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர், "அப்படியா, நல்லாருந்திருக்கும்" என்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், தூளியிலிருந்து செலினை எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அப்போதுதான் விழித்திருந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். பால் கேட்கிற பார்வை அல்ல அது. என் காலைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், மேலே வந்தாள், முழங்கால், இடுப்பு, தோள், முகம். வாரக்கணக்கில் எங்கோ போயிருந்துவிட்டு வந்தவர் பார்ப்பதுபோல, எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று பார்த்தாள். பிறகு அவளுடைய ஈரமான சின்னக் கை என் வலது காதுக்கு வந்து, மடலைப் பிடித்தது. நான் என்னை அறியாமல் தலையைக் குனிந்தேன். எச்சில் தெறிக்க, பல்லில்லாத வாயைக் குவித்து, என் வகிட்டில் ஊதினாள்.

தெருவில் ஒரு வாசல் விடாமல் கேட்டவள் நான். பேசத் தெரியாத ஒருத்தி என் இடுப்பிலேயே இருந்தாள், அவளைக் கேட்கவில்லை. தெருவிலேயே அதிகமாக இடம் இருந்த தலை அதுதான்.

தூளிக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவரிடம் இனி நான் இல்லை. அவரைப் பல்லாவரத்துக்குக் கொண்டுபோனால், அவரைத் தெரிந்த யாரும் அங்கே இல்லை. இங்கே விட்டுப்போனால், அண்ணாச்சியிடம் அவருடைய புயல் இருக்கிறது, நூகு பாயிடம் பாட்டு இருக்கிறது, அத்தையிடம் அம்மா இருக்கிறாள், உபதேசியாரிடம்கூடக் கொழும்பு இருக்கிறது. அவர் தெருவில் நடந்தால் தன்னைச் சுற்றியே நடப்பார். நான் மட்டும்தான் இந்தத் தெருவில் இல்லை. நான் இந்தப் பிள்ளைக்குள் இருக்கிறேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். நடக்கப் பழகும்போது பாதி, பேசப் பழகும்போது மீதி. செலின் மறக்கிற அன்றைக்கு அது பக்கத்தில் எந்தத் தலையில் இடம் இருக்கிறதோ அதற்குப் போகும். இங்கே இருந்தால் பிரகாசி அத்தைக்குப் போய்விடும். அத்தைக்குப் போனால் என்ன, நல்ல மனுஷிதானே என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. அது ஒன்றாவது எனக்கு வேண்டும்.

அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னபோது ரெக்ஸ் காரணம் கேட்கவில்லை. தெருவில் முறை போட்டுக்கொண்டார்கள். காலைக் கஞ்சி அத்தை, மதியம் நூகு பாய், குளிப்பாட்ட அண்ணாச்சி, ராத்திரி துணைக்கு உபதேசியார். ஆட்டோ வந்ததும் அப்பா முன்னால் போய் நின்றேன். குனியவில்லை. நிமிர்ந்தே நின்றேன், நன்றாகப் பார்த்துக்கொள்வதற்காக.

"போய்ட்டு வாரேன்ப்பா."

"பத்திரமாப் போம்மா. பிள்ளைக்குக் காத்து படாம மூடிக்கோ." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "உங்க அப்பாவக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

"சொல்லுதேன்" என்றேன்.

இங்கே சென்னையில் எதிர் ஃபிளாட் கதவு மூடியே இருக்கிறது. ரெக்ஸ் தூங்கிவிட்டார், நல்ல மனிதர், ஆனால் ஆபீஸ் அவர் தலையை நிரப்பி வைத்திருக்கிறது, அந்தப் பக்கம் பயமில்லை. செலின் நிற்கப் பழகிவிட்டாள். காலையில் அவள் எழுந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையைக் குனிகிறேன். அவள் காது மடலைப் பிடித்து ஊதுகிறாள். நேற்று ஊதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள். ஆகவே அதிக நாள் இல்லை. தூளிக்கயிறு, கேஸ் அடுப்பு, பால், மூச்சு, ரத்தம் என்று ஒவ்வொரு பயமாகத் தலையிலிருந்து எடுத்து இந்தத் தாளில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கான்வென்டில் சொல்லிக்கொடுத்த குண்டுகுண்டான கையெழுத்தில், ஒன்றின்மேல் ஒன்று விழாமல் மெதுவாக வைக்கிறேன். அவள் என்னை வெறுமனே பார்த்துவிட்டு ஊதாமல் சிரிக்கப்போகிற அந்தக் காலையில், கடலிலிருந்து வந்த ஒருவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்ப்பதற்கு, என் தலையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்காவது இடம் இருக்க வேண்டும்.